சம்பளம் இல்லாத "சேவை"க்குப் போலாமுங்களா? – ஒரு தங்கச்சிக்கு எழுதின பதில்

தோழர்களே, கொஞ்சம் நீளமான பதிவு. பஸ்ல போறப்ப படிங்க, ஆனா முழுசாப் படிங்க.

போன வாரம் சத்தி ரோட்டுப் பக்கம் ஒரு கிராமத்துல இருந்து ஒரு தங்கச்சி நம்ம பேஜுக்கு மெசேஜ் அனுப்பியிருந்துச்சு. அனுமதி வாங்கிட்டுத்தான் எழுதறேன், பேர் வேண்டாம்.

"அண்ணா, பி.இ. முடிச்சுட்டேனுங்க. கோயமுத்தூர்ல ஒரு தொண்டு நிறுவனத்துல ஆறு மாச இன்டர்ன்ஷிப் கிடைச்சிருக்கு. காலைல ஒன்பதரைக்குப் போனா சாயங்காலம் ஆறு ஆயிரும், சனிக்கிழமையும் உண்டு. சம்பளம் இல்லைங்க, சர்டிபிகேட் தருவாங்களாம். மலைக் கிராமத்துக் குழந்தைங்க படிப்பு சம்பந்தமான வேலை. எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு. அப்பா ஒண்ணும் சொல்லாம இருக்காரு. போலாமுங்களா?"

இதே கேள்வி போன மூணு மாசத்துல வேற வேற ஆளுங்க கிட்ட இருந்து எனக்கு நாலாவது தடவை வருது. அதனால பதிலைப் பொதுவிலேயே போடறேன்.

பதில் இதுதான்: போகாதே. கூலி கேள். தந்தா போ.

ஏன்னு சொல்றேன். முதல்ல கணக்கு. சத்தியில் இருந்து தினமும் காந்திபுரம் வந்து போவது ஆகிற காரியமில்லை. மகளிருக்கு இலவசப் பயணம் சாதாரண டவுன் பஸ்ஸில்தான், வெளியூர் பஸ்ஸில் கிடையாது. அப்ப பீளமேட்டிலோ கணபதியிலோ ஹாஸ்டல். சாப்பாட்டோடு மாசம் ஏழாயிரம் என்று குறைச்சே வைப்போம். ஆறு மாசத்துக்கு 42,000. போன் ரீசார்ஜ், பஸ், சோப்பு சீப்பு, மாசம் ஒருதரம் ஊருக்குப் போய் வருவது எல்லாம் சேர்த்தால் ஐம்பதாயிரம். அதாவது இந்த வேலைக்குச் சம்பளம் பூஜ்யம் இல்லைங்க, மைனஸ் ஐம்பதாயிரம். அந்த அப்பா தன் மகளின் உழைப்பையும் கொடுத்து, கூடவே ஐம்பதாயிரம் ரூபாய் நன்கொடையும் கொடுக்கிறார். நிஜ நன்கொடையாக இருந்தாலாவது 80ஜி ரசீது தருவார்கள்.

நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26-க்கு நிர்ணயித்த கூலி நாளுக்கு 336 ரூபாய். அதே கிராமத்தில் வரப்பு வெட்டப் போகிற அம்மாவுக்குச் சட்டம் ஒரு விலை வைத்திருக்கிறது. நாலு வருஷம் படித்துவிட்டு வந்த மகளுக்குச் சர்டிபிகேட். அப்ரண்டிஸ் சட்டத்தில் கூட, 2019-ல் திருத்திய விதி, பட்டதாரி அப்ரண்டிஸுக்கு மாசம் குறைந்தது 9,000 ரூபாய் தரணும் என்று நிர்ணயித்தது. கற்றுக்கொள்கிற ஆளுக்கும் வயிறு உண்டு என்று அரசாங்கமே ஒப்புக்கொண்ட தொகை அது. "இன்டர்ன்" என்று பேரை மாற்றினால் வயிறு இல்லாமப் போயிருமா?

"அனுபவம் கிடைக்குமே" என்பார்கள். கிடைக்கும். எனக்கும் கிடைத்தது. அதையும் சொல்லிடறேன்.

நான் கடைசி வருஷம் படிக்கும்போது ஒரு அறக்கட்டளையில் மூணு மாசம் இப்படித்தான் இருந்தேன். பேர் சொல்ல மாட்டேன், அங்கே நல்ல மனுஷங்களும் இருந்தாங்க. சர்வே டேட்டா என்ட்ரி பண்ணறது, டேஷ்போர்டு போடறது, அப்புறம் நிதி கொடுத்த கம்பெனிக்கு அறிக்கை தயார் பண்ணறது. கடைசி வாரம் அந்த அறிக்கையோட எக்செல் ஷீட் என் கைக்கு வந்தது. "நிறுவனத்தின் சொந்தப் பங்களிப்பு" என்று ஒரு வரிசை. அதுக்குக் கீழே "தன்னார்வலர் உழைப்பு, மணிக்கு 150 ரூபாய் மதிப்பில்" என்று போட்டு, எத்தனை மணி நேரம் என்பதை நிரப்பச் சொன்னார்கள். நிரப்பினேன். அந்த மணி நேரம் எல்லாம் நானும் இன்னும் ரெண்டு பேரும் வேலை செய்த மணி நேரம். என் உழைப்பு எழுபதாயிரத்துச் சொச்சம் என்று நானே டைப் பண்ணி, நானே கூட்டிப் போட்டு, ஃபைலைச் சேவ் பண்ணிட்டு, அன்னைக்கு மத்தியானம் பசங்க கிட்ட கடன் வாங்கித்தான் சாப்பிட்டேன்.

இதில் திருட்டு எதுவும் இல்லை. தன்னார்வ உழைப்பை ரூபாயில் மதிப்பிட்டுக் காட்டுவது அந்தத் துறையில் சகஜமான நடைமுறை. எனக்கு உறுத்தினது வேற. என் நேரத்துக்கு விலை இல்லை என்று யாரும் நினைக்கவில்லை. விலை போட்டிருந்தார்கள். அந்த விலை கம்பெனிக்குத் தெரியும், ஆடிட்டருக்குத் தெரியும், என் பாக்கெட்டுக்கு மட்டும் தெரியாது.

என் அப்பா சோமனூர்ப் பக்கம் கூலிக்கு விசைத்தறி ஓட்டறவர். மீட்டருக்கு எத்தனை பைசா என்று பேசாமல் அவர் பாவு ஏற்ற மாட்டார். ஒத்துக்கிட்ட கூலியைத் தரலைன்னு 2022-லும் 2025-லும் கோவை, திருப்பூர் மாவட்டத்தில் தறிகளை நிறுத்திப் போராடினார்களே, அந்தக் கூட்டத்தில் ஒருத்தர். அவர் பெத்த என்ஜினீயர் மகன், "எவ்வளவுங்க தருவீங்க"ன்னு ஒரு வார்த்தை கேட்கக் கூச்சப்பட்டு மூணு மாசம் ஓட்டியிருக்கான். "சேவை" என்ற சொல் முன்னால் வந்தால் காசு பேசுவது அசிங்கம் என்று நமக்குள்ளே யாரோ விதைத்து வைத்திருக்கிறார்கள். 1946 ஜனவரி 8-ம் தேதி சின்னியம்பாளையம் மில் தொழிலாளிகள் நாலு பேரைத் தூக்கில் போட்ட ஊர் இது. கூலி கேட்கக் கூச்சப்படறதுக்கு நமக்கு எந்த உரிமையும் இல்லை.

இன்னொரு பழைய கதை. சுமங்கலித் திட்டம் ஞாபகம் இருக்கா? கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கத்து ஸ்பின்னிங் மில்களில் நம்ம வீட்டு மாதிரி வீடுகளில் இருந்தும், தென் மாவட்டங்களில் இருந்தும் சின்னப் பொண்ணுங்களைக் கூட்டி வந்து, மில் ஹாஸ்டலில் அடைத்து, மூணு வருஷம் முடிந்தால் கல்யாணத்துக்கு மொத்தமாக முப்பதாயிரம், நாற்பதாயிரம் தருவோம் என்று ஓட்டினார்களே, அது. அந்தப் பொண்ணுங்களுக்கு மில் ரிஜிஸ்டரில் என்ன பேர் தெரியுமா? "பயிற்சியாளர்". மூணு வருஷம் ஒரே மெஷினில் நூல் முடி போடுகிற பொண்ணுக்கு என்ன பயிற்சி? அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் முழுக் கூலியையும் மறுத்தார்கள்.

ஏசி ரூமில் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கிற இன்டர்னையும் அந்தப் பொண்ணுங்களையும் நான் ஒரே தட்டில் வைக்கவில்லை. அவர்கள் பட்டது வேற. ஆனா தந்திரம் ஒண்ணுதான். செய்வது வேலை, பேர் மட்டும் பயிற்சி. இந்தத் தந்திரத்தை வெளியே கொண்டு வந்ததில் தொழிற்சங்கங்களோடு தொண்டு நிறுவனங்களுக்கும் பெரிய பங்கு உண்டு. 2011-ல் நெதர்லாந்து அமைப்புகள் ரெண்டு சேர்ந்து "கேப்சர்ட் பை காட்டன்" என்று அறிக்கை போட்ட பிறகுதான் வெளிநாட்டு பிராண்டுகளுக்கு வேர்த்தது. அந்தத் துறையே இன்னைக்குத் தன் ஆபீஸில் "இன்டர்ன்" என்ற சொல்லை எப்படிப் பயன்படுத்துது என்று கேட்க நமக்கு உரிமை இல்லையா?

நம்ம தமிழுக்கு இது புதுசும் இல்லை. "வெட்டி வேலை"ன்னு சும்மா திட்டறோமே, அந்த "வெட்டி" சோழர் காலக் கல்வெட்டில் வருகிற சொல். ஊருக்காகவும் கோயிலுக்காகவும் கூலியில்லாமல் வாங்கிய உழைப்புக்கு அதுதான் பேர். அரசமைப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு வெட்டி வேலையையும் அது மாதிரியான கட்டாய உழைப்பையும் தடை செய்கிறது. 1982-ல் டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் நீதிபதி பகவதி ஒரு படி மேலே போனார். சங்கிலி போட்டால்தான் கட்டாயம் என்று இல்லை, பசியும் வறுமையும் ஒருத்தனைத் தள்ளி, குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை செய்ய வைத்தால் அதுவும் கட்டாய உழைப்புதான் என்றார்.

அதுக்கு அடுத்த வருஷம் வந்த தீர்ப்பு எனக்கு இன்னும் முக்கியம். ராஜஸ்தானில் பஞ்ச நிவாரணத்துக்கு ரோடு போடும் வேலை. அன்றைய குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 7 ரூபாய், பல பெண்களுக்கு அதுகூடக் கைக்கு வரவில்லை. இது நிவாரணம், முழுக் கூலி தரத் தேவையில்லை என்று அரசு ஒரு சட்டத்தையே காட்டியது. 1983 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த விலக்கு செல்லாது என்றது. வேலை வாங்கினால் அது தர்மம் ஆகாது, கூலி கொடு என்பதுதான் தீர்ப்பின் சாரம். வழக்குப் போட்டது யார்? சஞ்சித் ராய். பங்கர் ராய் என்றால் தெரியும், திலோனியாவில் தொண்டு நிறுவனம் நடத்துகிறவர். நாட்டிலேயே "சேவை என்ற பேரில் கூலியைக் குறைக்காதே" என்று உச்ச நீதிமன்றம் வரை போய் ஜெயித்தது ஒரு தொண்டு நிறுவனக்காரர்!

சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப் எல்லாம் சட்டப்படி கட்டாய உழைப்பு என்று நான் சொல்லவில்லை, கமெண்டில் வந்து சட்டம் பேச வேண்டாம். அந்தத் தீர்ப்பின் நியாயத்தை நம்ம மேஜைக்குக் கொண்டு வந்து வைக்கிறேன், அவ்வளவுதான்.

இனி இந்த விஷயத்தில் எனக்கு நிஜமாகவே கோபம் வருகிற இடம். சம்பளமில்லாத ஆறு மாசத்தை யாரால் தாங்க முடியும்? ஆர்.எஸ்.புரத்தில் சொந்த வீடு, அப்பா டாக்டர், ஸ்கூட்டியில் பத்து நிமிஷம். அந்தப் பொண்ணு போகும், நல்லா வேலையும் பார்க்கும், தப்பே இல்லை. அந்த ஆறு மாசம் பயோடேட்டாவில் ஏறும். அடுத்து ஃபெல்லோஷிப், அதுக்கடுத்து வெளிநாட்டில் மாஸ்டர்ஸ், திரும்பி வந்து திட்ட அதிகாரி. இருபது வருஷம் கழித்து மலைக் கிராமத்துப் பள்ளிக்கு என்ன வேணும் என்று முடிவு பண்ணும் மேஜையில் அவங்க இருப்பாங்க. கடம்பூர் மலையடிவாரத்தில் இருந்து வந்த, அந்தக் குழந்தைகள் பேச்சு புரிகிற நம்ம தங்கச்சி அதுக்குள்ளே ஏதாவது பிபிஓ-வில் நைட் ஷிப்ட் பார்த்துட்டு இருக்கும்.

இட ஒதுக்கீட்டால் கல்லூரிக் கதவு திறந்தது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாசம் ஆயிரம் ரூபாய் வருது. இவ்வளவு பாடுபட்டு ஒரு தலைமுறையைப் பட்டம் வரை கொண்டு வந்த பிறகு, அடுத்த கதவில் போர்டு எழுதாமலே நுழைவுக் கட்டணம் வைத்திருக்கிறார்கள். அந்த ஐம்பதாயிரம்தான் நுழைவுக் கட்டணம். அங்கே இட ஒதுக்கீடு இல்லை, ரோஸ்டர் இல்லை, ஆர்டிஐ போட்டுக் கேட்கவும் வழியில்லை. சாதி கேட்காமலே சாதி பார்த்து வடிகட்டுகிற சல்லடை இது.

"எங்க கிட்ட காசு இல்லைங்க தம்பி" என்பார்கள் நிறுவனம் நடத்துகிறவர்கள். சின்ன அமைப்புகள் சொல்வது பாதி உண்மை, அதை மறைக்க மாட்டேன். 2020-ல் ஒன்றிய அரசு வெளிநாட்டு நிதிச் சட்டத்தைத் திருத்தி, நிர்வாகச் செலவுக்கான வரம்பை 50 சதவீதத்தில் இருந்து 20 சதவீதமாக வெட்டியது. பெரிய அமைப்பு வாங்கிய நிதியைச் சின்ன அமைப்புக்குப் பிரித்துக் கொடுப்பதையும் தடை செய்தது. கிராமத்தில் வேலை பார்த்த குட்டி அமைப்புகள் மூச்சு முட்டிப் போனது அதில்தான். இன்னொரு பக்கம், 2014-ல் இருந்து குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபம் பார்க்கிற கம்பெனிகள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிடணும் என்று சட்டம் இருக்கு. கம்பெனிகளுக்கு ஃபோட்டோவில் வருகிற ஸ்மார்ட் கிளாஸ் பிடிக்கும், அதை ஓட்டுகிற ஆளுக்குச் சம்பளம் என்றால் முகம் சுளிக்கும். சரி, அந்தச் சண்டையைக் கம்பெனியோடு போடுங்க. ப்ரொபோசலில் இன்டர்னுக்கு ஒரு வரி சேருங்க. புரொஜெக்டருக்கும், ஹாலுக்கும், பேனருக்கும் பட்ஜெட் வருது, அந்தப் பேனரை டிசைன் பண்ற புள்ளைக்கு மட்டும் வராதா?

மேலே இருக்கிறவங்க யோக்கியதையையும் பார்த்திருவோம். நாட்டுக்கே திட்டம் போடுகிற நிதி ஆயோக்கின் இன்டர்ன்ஷிப் சம்பளமில்லாதது, அதை விதியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். 2024-ல் பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் என்று அறிவித்தார்கள். ஐந்து வருஷத்தில் ஒரு கோடிப் பேர், மாசம் 5,000 ரூபாய். முதல் சுற்றில் 1.27 லட்சம் இடம் காட்டினார்கள். போய்ச் சேர்ந்தவர்கள் பத்தாயிரம் பேர் கூட இல்லை. ஐயாயிரத்தை வைத்து வேற ஊரில் எந்த ஹாஸ்டலில் தங்கறது? நம்ம பசங்களுக்குக் கணக்குத் தெரியும்.

தொழிலாளர் சட்டத்தையும் விடவில்லை. 1978-ல் பெங்களூரு குடிநீர் வாரிய வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பில், லாப நோக்கம் இல்லை என்பதாலேயே ஒரு அமைப்பு "தொழில்" என்ற வரையறையில் இருந்து தப்பிவிட முடியாது என்றார். 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பில் தர்ம, சமூக சேவை அமைப்புகளின் நிறுவனங்களை அந்த வரையறையில் இருந்தே வெளியே எடுத்து விட்டார்கள். சேவைத் துறையில் வேலை பார்க்கிற ஆள் தகராறு என்று போய் நிற்க இருந்த ஒரு வாசலும் சாத்தியாச்சு.

மாநிலத்தையும் சொல்லணும். இல்லம் தேடிக் கல்வியில் தினமும் சாயங்காலம் பாடம் எடுத்த நம்ம அக்காக்களுக்கு மாசம் ஆயிரம் ரூபாய். நல்ல திட்டம்தான், ஆனா ஆயிரம் ரூபாய் எந்தக் கணக்கு?

உலகம் பூரா இப்படித்தான் என்று சிலர் சமாளிப்பார்கள். 2015-ல் ஜெனீவாவில் ஐ.நா. இன்டர்ன் ஒருத்தர் வாடகை கட்ட வழியில்லாமல் ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்கின செய்தி உலகத்தையே சுற்றியது. அப்புறம் அமெரிக்காவில் வெள்ளை மாளிகையே 2022-ல் இருந்து இன்டர்னுக்குக் காசு கொடுக்க ஆரம்பித்தது. கேட்டதால்தான் மாறியது.

இப்ப கமெண்ட்டில் வரப்போகிற கேள்வி: "ஏப்பா, நீ ஐடி விங்ல சம்பளம் இல்லாமத்தானே வேலை பாக்கற?"

ஆமா. ராத்திரி பதினொரு மணிக்கு, என் வேலையை முடித்துவிட்டு, என் போனில் இதை டைப் பண்றேன். யாரும் அட்டெண்டன்ஸ் எடுக்கவில்லை. நாளைக்கு வரலைன்னா ஏன்னு கேட்க மட்டும்தான் முடியும், லெட்டர் தர மாட்டேன் என்று மிரட்ட முடியாது. 2013-ல் உக்கடம் பெரியகுளத்தைத் தூர்வாரினப்ப ஊர் சனம் ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியோட வந்து நின்றதே, அது தொண்டு. வந்தவங்க யாரும் சனிக்கிழமை லீவு லெட்டர் எழுதிக் கொடுக்கவில்லை. நேரம் போட்டு, மேனேஜர் போட்டு, டெட்லைன் போட்டு, கடைசியில் சர்டிபிகேட்டைப் பிடித்து வைத்துக்கொண்டால் அது வேலை. இது நம்ம கட்சிக்கும் பொருந்தும். தேர்தல் நேரத்தில் ரெண்டு மாசம் ஆபீஸிலேயே உட்கார்ந்து வீடியோ எடிட் பண்ற பசங்களுக்குச் சாப்பாடும் சம்பளமும் தரணும் என்று மாவட்டக் கூட்டத்தில் நான் பேசியிருக்கேன், அடுத்த கூட்டத்திலும் பேசுவேன். இந்தப் பதிவை இந்தப் பேஜிலேயே போட விட்டதுக்கு நன்றி, இனி மறக்க முடியாது பாருங்க.

எல்லாவற்றுக்கும் போகாதே என்றும் சொல்லவில்லை. கல்லூரி லீவில் ரெண்டு மூணு வாரம், வீட்டில் இருந்து போய் வருகிற தூரம், நிஜமாகவே ஒருத்தர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருகிறார், பஸ் காசும் மதியச் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு என்றால் போய்ப் பாருங்க. வாரத்துக்கு ஒரு நாள் என்றாலும் சரி. எல்லை என் கணக்கில் இதுதான்: உன்னை எடுத்துவிட்டால் அந்த இடத்துக்குச் சம்பளத்துக்கு ஓர் ஆளைப் போட வேண்டி வருமா? வரும் என்றால் அது அந்த ஆளின் சம்பளம். அதை நீ இனாமாகக் கொடுத்தால், இழப்பு உனக்கு மட்டும் இல்லை, அந்த வேலையை நம்பி எம்.எஸ்.டபிள்யூ. படித்துவிட்டு நிற்கிறவங்களுக்கும்தான்.

நம்ம கோரிக்கையும் ஒண்ணுதான். தமிழ்நாடு அரசு மானியமோ திட்டமோ கொடுக்கிற எந்த அமைப்பும் ஒரு மாசத்துக்கு மேல் முழுநேரமாக யாரையும் கூலியில்லாமல் வைக்கக் கூடாது என்று அரசாணையில் ஒரு நிபந்தனை சேர்க்கணும். இதுக்கு டெல்லியைக் கேட்கத் தேவையில்லை, பணம் கொடுக்கிறவர்கள் போடுகிற நிபந்தனை இது.

தங்கச்சிக்கு அனுப்பின பதிலில் நான் எழுதிக் கொடுத்தது ஒரு சின்ன மெயில். "வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் மாதம் 9,000 ரூபாய் உதவித்தொகை கிடைத்தால் திங்கட்கிழமையே சேருகிறேன். முடியாவிட்டால், வாரம் இரண்டு நாள் வீட்டில் இருந்தே செய்யும் வேலையாக மாற்ற முடியுமா?" கெஞ்சவும் இல்லை, திட்டவும் இல்லை.

நேத்து ராத்திரி அனுப்பிருச்சாம். "அப்பா கிட்டப் படிச்சுக் காட்டுனேனுங்கண்ணா, மொத தடவையா வாயத் தொறந்து, இது சரின்னாரு"ன்னு மெசேஜ் வந்திருக்கு. நிறுவனத்துல இருந்து இன்னும் பதில் வரலை. வந்ததும் இங்கேயே போடறேன்.

– கோவை, ஐடி விங்